தேர் நிலைக்கு வந்ததா?

மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி

சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்துவிட்டால், வீட்டு வயரிங் சரியாக இருக்கிறது என்றே நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை போதாது என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் திண்டிவனத்தில் கண்டேன்.

என் தாய்மாமா சிங்கப்பூரில் பல ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக உழைத்துத் திரும்பியவர். திண்டிவனத்தில் கட்டிய தம் வீட்டில், கீழ்த்தளத்துப் பிளக் பாயிண்ட்டுகளுக்கு அங்குள்ளது போல் 'ரிங்' சுற்று போடச் செய்திருந்தார். நம் வீடுகளில் மெயின் போர்டிலிருந்து புறப்படும் ஒயர் கடைசிப் பாயிண்ட்டோடு முடிந்துவிடும். ரிங் சுற்றிலோ, மாதாவின் தேர் வீதிகளைச் சுற்றிக் கோயிலுக்கே திரும்புவது போல, ஒயர் எல்லாப் பாயிண்ட்டுகளையும் தொட்டு மெயின் போர்டுக்கே வந்து சேரும். மின்சாரம் இரு வழியாகவும் பாய்வதால் மெல்லிய ஒயரே போதும், செம்பு மிச்சம். இரண்டாம் உலகப் போரின்போது, வரப்போகும் புதிய வீடுகளுக்காக இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த குழுவில் இருந்த ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெட். அக்குழுவின் அறிக்கை 1944-இல் வந்தது. தோழியரே, மின்துறை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று!

குடி புகுமுன் மாமா சோதனை செய்தார். எல்லாப் பாயிண்ட்டிலும் டெஸ்ட் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "இது போதாது, பாப்பா" என்றார். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரிங்கின் நுனிகளைக் கழற்றினார். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொடவைத்து, அவற்றின் சொந்தத் தடையைக் கழித்துக்கொண்டார். வெறும் 'கீச்' ஒலியை அவர் நம்புவதில்லை. சாதாரண மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் கீச்சிடுமாம்; நல்ல இணைப்போ ஓர் ஓமுக்கும் குறைவு.

சுற்றின் நீளம் சுமார் 54 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மீட்டருக்கு 7.4 மில்லி ஓம். பெருக்கினால் 0.40 ஓம். ஃபேஸ் 0.40 காட்டியது. நியூட்ரலும் 0.40. எர்த் 1.5 ஒயர், ஆகவே 0.65 வரவேண்டும். எண்ணே வரவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது!

ஆனால் காலையில் எல்லாப் பாயிண்ட்டிலும் எர்த் வேலை செய்ததே? இதுதான் ரிங்கின் வஞ்சகம். ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. இன்னோரிடத்திலும் அறுந்தால், இடையிலுள்ள பாயிண்ட்டுகளுக்கு எர்த்தே இராது. ஃபேஸ் அறுந்திருந்தாலோ, 32 ஆம்பியர் பிரேக்கர் விழாமலே ஒற்றை ஒயர் சூடேறக்கூடும்.

எர்த்தின் ஒரு நுனியிலிருந்து பாயிண்ட் பாயிண்ட்டாக அளந்தார். மூன்றாவது வரை எண் வந்தது; நான்காவதில் இல்லை. மூன்றாவதைக் கழற்றினால், திருகாணி செம்பைப் பிடிக்காமல் பச்சை உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. சீவித் திருகியதும் 0.65 வந்தது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புறப்படும் ஃபேஸ் நுனியைத் திரும்பிவரும் நியூட்ரல் நுனியோடும், மற்ற இரண்டை ஒன்றாகவும் இணைத்தார். இப்போது முழுவதும் 0.80 ஓம் உள்ள ஒரே வளையம். எந்தப் பாயிண்ட்டின் இரு துளைகளும் அவ்வளையத்தில் நேரெதிர்ப் புள்ளிகள். இருபுறமும் 0.40, பக்க இணைப்பில் 0.20. பத்தாம் வகுப்புக் கணக்கேதான்! எல்லாப் பாயிண்ட்டிலும் 0.20 வந்தது. பின் தாழ்வாரத்தில் மட்டும் 0.33. பழுதோ என்று பயந்தேன். மாமா சிரித்தார். அது ரிங்கிலிருந்து ஒன்பது மீட்டர் தள்ளிப் போன கிளை. போக வர அந்த ஒயரின் தடை 0.13 கூடியிருக்கிறது.

பொங்கலுக்கு மாமா விழுப்புரம் வந்தபோது, எங்கள் சமையலறையின் எர்த்தையும் அளக்கச் சொன்னேன். ரிங் இல்லாத பழைய வயரிங் அது. கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அம்மா அடிக்கடி சொல்வார். ஈரக் கை என்று விட்டுவிடுவோம். மீட்டர் எண் காட்டவில்லை. பாயிண்ட்டைத் திறந்தார் மாமா. எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பதினோரு ஆண்டுகள் அம்மா அதில்தான் மாவு அரைத்திருக்கிறார்! அன்று மாலையே பச்சை ஒயர் இழுத்தோம். அளவு 0.2 ஓம். கிரைண்டரிலிருந்த கசிவையும் சரிசெய்த பிறகுதான், மறுநாள் அம்மா இட்லிக்கு ஊறப்போட்டார்.