தைராய்டு அறுவைக்கு முன் நாங்கள் கேட்ட கேள்விகள்



எங்கள் ராத்தா பல ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருபவர். தைராய்டில் தோன்றிய கட்டிக்காகச் சுரப்பி முழுவதையும் அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறியபோது அவர் கேட்டது ஒன்றே: “பிறகு ஓத முடியுமா?” அதற்கு விடை தேடியே நாங்கள் இவற்றை அறிந்துகொண்டோம்.

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு நேரே குரல்வளைக்கு வருவதில்லை. குரல்வளையைக் கடந்து கீழே இறங்கி, இடப்புறம் பெருந்தமனியின் வளைவையும் வலப்புறம் காறை எலும்புக்கு அடியிலுள்ள தமனியையும் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. ஏறும் வழி தைராய்டின் பின்புறத்தை ஒட்டியது. ஒரு பக்கம் பழுதுபட்டால் குரல் கம்மும், தண்ணீர் புரையேறும். இரு பக்கமும் பழுதுபட்டால் மூச்சே தடைப்படலாம். கத்திக்கொண்டிருந்த விலங்கின் இந்நரம்பைத் துண்டித்து அதன் குரலை அடக்கிக் காட்டியவர் இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலென். இதற்கு மேலே இன்னொரு மெல்லிய நரம்பும் உண்டு. குரலை உயர்த்துவது அதன் பணி. அதன் குறை பேச்சில் அவ்வளவாகத் தெரியாது. ஓதுபவருக்குத் தெரியும்.

முதலில் சென்ற மருத்துவமனையில் எங்கள் கேள்விகளுக்கு எரிச்சலே விடையாகக் கிடைத்தது. இவ்வளவு கேட்பது தவக்குலுக்கு முரண் என்றார் உறவினர் ஒருவர். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதை அவருக்கு நினைவூட்டிவிட்டு வேறிடம் சென்றோம். ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவைகள் செய்கிறீர்கள் என்று அங்கே கேட்டோம். பழகிய கையில்தான் பாதிப்பு குறைவு. அம்மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, குரல் நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்தார். அறுவையின்போது நரம்பைக் கண்ணால் இனங்கண்ட பின்னரே அதனருகே வெட்டுவதாகவும், மின்தூண்டல் கருவியால் அதன் இயக்கத்தைச் சோதிப்பதாகவும் விளக்கினார். நரம்பு அறுபடுவதைவிட இழுபடுவதே மிகுதி. இழுபட்ட நரம்பு கண்ணுக்கு நலமாகவே தோன்றும். ஆகவே ஒரு பக்கத்தில் சமிக்ஞை நின்றால் மறுபக்கத்தைத் தொடாமல் பின்னொரு நாளுக்கு ஒத்திவைப்பதும் உண்டாம். எங்களுக்கு நம்பிக்கை அளித்தது இந்த ஒரு சொல்தான்.

ராத்தாவின் குரல் இரண்டு வாரம் கம்மியிருந்து தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் எதிர்பாராதது கால்சியம். தைராய்டின் பின்னே அரிசிமணி போன்ற சுரப்பிகள், பெரும்பாலும் நான்கு, ஒட்டியிருக்கின்றன. அவற்றின் இரத்த ஓட்டம் குன்றினால் இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. மறுநாள் மாலை ராத்தாவின் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு ஏற்பட்டது. செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் உடனே தெரிவித்தோம். முதல் இரவில் கழுத்து வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நொடியும் தாமதியாமல் அழைக்குமாறும் அவர் கூறியிருந்தார். உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம் அது.

கால்சியம் மாத்திரையையும் தைராக்ஸினையும் சேர்த்து விழுங்கலாகாது. இடையே நான்கு மணிநேரம் வேண்டும். தைராக்ஸினுக்கோ வெறும் வயிறு வேண்டும். நோன்பு மாதத்தில் இவற்றை எப்படிப் பங்கிடுவது என்று ஷஃபானிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி, சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.