பெரிய லேத்து வாங்குவதற்கு முன்

ஒலக்கூர்க் கொட்டகையில் இப்போது இருப்பது மேசை மேல் வைக்கிற சின்ன லேத்து. ஸ்விங் எட்டு அங்குலம், அதாவது பெட்டிலிருந்து ஸ்பிண்டிலின் மையம் நாலு அங்குல உயரத்தில். மோட்டார் அரை ஹெச்.பி. இருப்பதிலேயே குறைந்த வேகம் நிமிடத்துக்கு 750 சுற்று. பம்பரம், மத்து, உளிப்பிடி, பூரிக்கட்டை, தொட்டில் கம்பு எதுவானாலும் இதில் நன்றாக வருகிறது. கிண்ணம் கடைய ஆசை வந்ததும்தான் போதவில்லை.

*

பெரிது வாங்கலாமா என்று கேட்டால் எல்லோரும் மெஷினிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். எத்தனை ஹெச்.பி., எத்தனை அடி நீளம், எந்த ஊர் வார்ப்பு. மரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். சுற்றுவட்டத்தில் எவ்வளவு பருமனான கட்டை கிடைக்கும்? அதற்கு மேல் ஸ்விங் வைத்து என்ன செய்வது?

*

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. ஊறிப்போன மண்ணில் பூவரசும் வேம்பும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரம் விறகுக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகிறது. துண்டு போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கவையுள்ள கட்டைகளைத் தனியே எடுத்து வைப்பார். கவையில்தான் ரேகை அழகு. சூளைக்காரருக்கு அது பிளக்க வராத கட்டை.

பூவரசைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். பச்சையாக அறுத்தால் நடுவயிரம் செம்பழுப்பு, வெளிப்பக்கம் வெளிறிய நிறம், லேசான ரோஜா மணம். காய்ந்த பிறகு சாக்லேட் நிறத்துக்கு வரும். நம்மவர்கள் மாட்டு வண்டிக்கும் சாமான்களுக்கும் பயன்படுத்திய மரம். இதே மரத்தை ஹவாய்த் தீவில் மிலோ என்கிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக உணவுக் கிண்ணம் இதிலும் செய்தார்கள். இங்கே வேலியோரம் போத்து நட்டால் தானாக வளரும் மரத்தை ஒரு நாடு கிண்ண மரமாகவே கொண்டாடியிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பூவரசுக் கட்டையை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வயதான பூவரசானாலும் உள்ளே பொந்து விழாத பகுதி பத்துப் பதினொரு அங்குலம் தேறினால் பெரிது.

*

சீமைக்கருவேலம்: கெட்டி மரம், காயும்போது அவ்வளவாகக் கோணாது. மூட்டத்தில் கரியாகிப் போகிறதே என்று வருத்தமாக இருக்கிறது. நம் பக்கம் கிடைப்பது கோணல்மாணலாக, மூன்று நாலு அங்குலப் பருமனில். பிடிகளுக்கும் சின்னக் கிண்ணங்களுக்கும் போதும், இப்போதுள்ள லேத்தே போதும்.

புளி: வயிரம் கருஞ்சிவப்பு, உளி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். வேம்பு: தூசி தொண்டையில் கசக்கும், முகமூடி இல்லாமல் தொடக் கூடாது. சவுக்கு: மரக்காணம் பக்கம் தோப்பு தோப்பாக. காயக் காய வெடிக்கும், கடைசலுக்கு நம்ப முடியாது. பனை: உயிரோடு நிற்பதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. தானாக விழுந்ததுதான் நமக்கு.

வெட்பாலை: தைலம் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே மரம். தந்தம் மாதிரி வெளுத்த, நெருங்கிய ரேகை. பெங்களூரு–மைசூரு சாலையிலுள்ள சன்னபட்டணத்துப் பொம்மைகள் இந்த மரத்தில்தான். ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் இதிலேதான். கடைந்த பொம்மை லேத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. வார்னிஷ், பிரஷ் எதுவும் கிடையாது. நம் மாநிலத்தில் அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமானும் இதே குடும்பத்து வேலை, மரம் மட்டும் மஞ்சள் கடம்பு. இந்த அரக்கு வேலையைக் கற்றே தீர வேண்டும். இதற்கும் பெரிய லேத்து தேவையில்லை.

ஆக, பெரிதாகத் தேவைப்படுவது பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சிக் கிண்ணங்களுக்கு மட்டும். பன்னிரண்டு அங்குல ஸ்விங் தாராளம். பதினாறு, இருபது என்று போவதற்கு இங்கே கட்டையும் இல்லை, கிடைத்தாலும் தனியாளாகத் தூக்கி மாட்ட முடியாது.

*

திண்டிவனத்தில் கட்டில் கால் கடைசல் பிடிக்கும் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தேன். ஆறடி நீள பெட், தாழ்ந்த ஸ்பிண்டில், படிப்படியான புல்லி. நீளமான கால்களுக்கென்றே பிறந்த லேத்து. கிண்ணத்துக்கு நேர் எதிரானது தேவை: குட்டையான பெட், உயரமான ஸ்பிண்டில். நீளத்துக்குக் காசு கொடுப்பது என் வேலைக்கு வீண்.

அங்கிருந்த பெரியவர் ஓடிக்கொண்டிருந்த லேத்தின் டெயில்ஸ்டாக் மேல் என் கையை எடுத்து வைத்தார். "கிடுகிடுன்னு வருதா தம்பி? வராது. கீழ பாருங்க." கால்களுக்கிடையே பலகை அடித்து ஆற்று மணலைக் கொட்டி நிரப்பியிருந்தார். சிறு வயதில் கயிறு இழுத்தவராம் அவர். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். மரம் தன் பக்கம் சுற்றி வரும் பாதி நேரம்தான் வெட்டு, மறுபாதியில் உளியைப் பின்வாங்க வேண்டும். எகிப்தில் பெடோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 வாக்கில், இதே காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். இழுப்பவர் ஒருவர், கடைபவர் ஒருவர்.

*

வேகக் கணக்கு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் உலகமெங்கும் வைத்திருக்கும் கைக்கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. இது உருண்டை திரண்ட பிறகு. அறுத்த கையோடு மாட்டும் கோணல் கட்டைக்கு இதில் பாதிக்கும் கீழே தொடங்க வேண்டும்.

750 சுற்றில் ஒன்றரை அங்குல மத்துத் தண்டின் மேற்பரப்பு மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே 750இல் பத்து அங்குலக் கட்டையின் விளிம்பு மணிக்கு 36 கிலோமீட்டர். ஒரு பக்கம் கனமான கட்டை லேத்தை உலுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 300 சுற்றில் உலுக்குவதைப் போல 750இல் ஆறு மடங்குக்கு மேல். சின்ன லேத்து மேசையோடு நடக்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். பச்சை மரம் என்றால் தண்ணீர்க் கனமும் ஒரு பக்கமாகத் தேங்கும்.

ஆகவே விளம்பரத்தில் 3600, 4000 என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணைப் பார்க்க வேண்டும். 250க்குக் கீழே இறங்குமா? இறங்கும்போது திணறாமல் வெட்டுமா? நான் காசு கொடுக்கப் போவது இதற்குத்தான்.

*

வேகத்தைக் குறைக்க வி.எஃப்.டி. நல்ல வழி. வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டை வாங்கி மோட்டாருக்கு மூன்று பேஸாகக் கொடுக்கும், வேகத்தைக் குமிழ் திருகி மாற்றலாம். வாங்கும்போது மோட்டாரின் தகட்டில் 230/415 என்றிருக்க வேண்டும். அப்போதுதான் டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டுக்கு ஓடும். வெறும் 415 என்றிருந்தால் வேண்டாம்.

வி.எஃப்.டி. இருக்கிறதே என்று புல்லியைக் கழற்றிப் போடுகிறார்கள். கூடாது. மின்சாரத்தால் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் சக்தியும் கூடவே குறையும். மெதுவாகச் சுற்றும் விசிறி மோட்டாரைக் குளிர்விக்காது, மோட்டார் கொதிக்கும். புல்லியால் குறைத்தால் முறுக்கு கூடும். மோட்டாரில் மூன்று அங்குலம், ஸ்பிண்டிலில் ஆறு அங்குலம் வைத்தால் 1440 சுற்று 720 ஆகிவிடும். அதன் பிறகு வி.எஃப்.டி.யை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 290 பக்கம் வரும். மோட்டாருக்கும் நோகாது.

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். முழு பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மின்கட்டணம் பயப்படும்படி இல்லை. கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள் சிலர். அது பாசனத்துக்குக் கொடுத்த கரண்டு, தொடவே கூடாது.

*

கரண்டு போய்த் திரும்பும்போது லேத்து தானாக ஓடத் தொடங்கக் கூடாது. கட்டைக்குள் உளியை விட்டபடி குனிந்திருக்கும் ஆளுக்கு இதைவிட ஆபத்து இல்லை. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் இதற்கு ஏற்பாடு உண்டு. கரண்டு போனதும் உள்ளிருக்கும் காயில் பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் பிடிக்கும். சாதாரண மோட்டார் என்றால் அந்த ஸ்டார்ட்டரே போதும். வி.எஃப்.டி.யில் அமைப்புக்குள் போய், கரண்டு வந்ததும் ஓடும் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும்.

லுங்கி, தோளில் துண்டு, கயிறு, மோதிரம், தொளதொள சட்டைக்கை எதுவும் லேத்துப் பக்கம் வரக் கூடாது. கண்ணாடி போதாது, முகம் முழுதும் மறைக்கும் கவசம் வேண்டும். ஸ்விட்சைத் தொடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

*

இரும்பு கடையும் பழைய லேத்து ஒன்றை ஏலத்தில் எடுக்கச் சொன்னார்கள். பட்டாலா, ராஜ்கோட் லேத்துகள் கனத்துக்குக் கனம், மெதுவாகவும் சுற்றும். ஆனால் நடுவில் கேரியேஜ் மறிக்கும், எண்ணெய் பூசிய பெட்டில் மரத்தூள் அப்பும். வேண்டாம்.

*

சாணைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், அதுவும் லேத்துக்கு முன்பாக. எட்டு அங்குல கிரைண்டர், வெள்ளைக் கல், உளியை ஒரே கோணத்தில் தாங்கும் தாங்கி. கூரான உளி பச்சைப் பூவரசைச் சுருள் சுருளாகச் சீவும். மழுங்கியது தூள் தூளாகக் கொட்டும், கை அழுத்தத் தொடங்கும், அழுத்தினால் உளி கட்டையில் சிக்கும். சிக்கும்போது நாம் லேத்துக்குச் சக்தி இல்லை என்று நினைக்கிறோம். பெரிய மோட்டார் வாங்கத் தூண்டுவதில் பாதி இந்த மழுங்கிய உளிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

பச்சைக் கிண்ணத்தைச் சுவர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படி முதலில் கடைந்துவிட வேண்டும். பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம். பிறகு குறுக்குவெட்டு முகங்களில் மெழுகு தடவி, காகிதத்தில் சுற்றி, நிழலில் மாதக்கணக்கில் விட வேண்டும். கத்திரி வெயில் காற்று பட்டால் ஒரே பிற்பகலில் பிளந்துவிடும். காய்ந்தது நீள்வட்டமாகக் கோணியிருக்கும். அதை மறுபடி மாட்டி வட்டமாக்குவது இரண்டாம் கடைசல். இரண்டு தடவையும் கோணல் கட்டை, இரண்டு தடவையும் தொடக்கத்தில் மெதுவான வேகம்.

*

முடிவு எடுத்தாகிவிட்டது. கம்பெனி லேத்து நேர்த்தியானது, சந்தேகமில்லை. ஆனால் அதன் எலெக்ட்ரானிக் போர்டு போனால் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் செய்தால் பேரிங்கும் பெல்ட்டும் மோட்டாரும் திண்டிவனத்துக் கடைத்தெருவில் கிடைக்கும். கனமான இரும்புச் சேனல் இரண்டு, பிளம்மர் பிளாக்கில் ஸ்பிண்டில், பதினெட்டு அங்குல பெட், பன்னிரண்டு அங்குல ஸ்விங், ஸ்டாண்டுக்குள் மணல். உள்ளூர் வேலையில் தவறுவது ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் நேர்கோட்டில் நிற்பதுதான். இரண்டு பக்கத்துக் கூர்முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாக்கிப் பணம் கொடுக்க வேண்டும்.

ஸ்பிண்டிலின் மரை முக்கியம். நாலு தாடை சக்கில் பரவலானவை இரண்டு: எம்33×3.5, அல்லது ஒரு அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 8 மரை. சக்கை முதலில் வாங்கிவிட வேண்டும். மரை வெட்டும் மேஸ்திரியிடம் காகிதத்தில் எண் எழுதிக் கொடுப்பதைவிட சக்கையே கையில் கொடுத்துவிட்டால், அதை மாட்டி மாட்டிப் பார்த்தே வெட்டுவார். ஸ்பிண்டிலின் உள்ளே மோர்ஸ் டேப்பர் 2.

ஸ்பிண்டில் உயரம் நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு. எனக்கு 42 அங்குலம் வருகிறது. கொட்டகைத் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருப்பதால் கான்கிரீட் போட்ட பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும்.