ஆயாவுக்குத் தெரிகிற கோடு

விடுதி அறைக்கு வருகிற நண்பர்களில் பாதிப் பேர் என் மேசையைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இந்தப் பேனா கீழே விழுந்துவிட்டதா?” விழவில்லை. அதன் நிப் நுனி மேல்நோக்கி வளைத்தே செய்யப்பட்டது. ஜப்பானிய மொழியில் தூரிகையைக் குறிக்கும் ‘ஃபுடே’ என்ற சொல்லாலேயே இந்த வகை நிப்பை அழைக்கிறார்கள். செய்லர் நிறுவனம் 40 பாகை, 55 பாகை என இரு வளைவுகளில் இதைத் தருகிறது. என்னிடம் இருப்பது அதைப் பார்த்துச் செய்யப்பட்ட சீனப் பேனா. 400 ரூபாய்க்கும் குறைவாகவே வாங்கினேன். ஓவியர்கள் தெருக்காட்சி வரைய வாங்குகிற பொருள், மொழியியல் ஆய்வு செய்பவனிடம் எதற்கு என்பதற்கு இதுவரை மழுப்பலான விடைகளையே சொல்லி வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நாராயணவனம். புத்தூருக்குப் பக்கம், கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலும் தறிச்சத்தமும் உள்ள ஊர். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்தோம். 2022இல் மாவட்டப் பெயரும் சித்தூரிலிருந்து திருப்பதியாக மாறியது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எழுதுவது தெலுங்கு. என் தந்தைக்குத் தமிழ் எழுத்து தெரியாது; தம்பிக்கும் தெரியாது. திருத்தணிப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த ஆயா ஒருத்திதான் வீட்டில் தமிழ் படிப்பவள். அவளுடைய கோல நோட்டில், ஒவ்வொரு கோலத்தின் கீழும் புள்ளிக் கணக்கை எழுதி வைத்திருந்த வரிகளிலிருந்தே நான் எழுத்துக் கற்றேன். ஆய்வேடுகளில் ‘இருமொழிச் சூழல்’ என்று இரண்டு சொற்களில் கடந்துபோகிற நிலை, எங்கள் வீட்டில் ஒரு கிழவியின் தனிமையாக இருந்தது என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

மேற்படிப்புக்காக ஊரைவிட்டு வந்தபோது கடிதம் போடச் சொன்னாள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துத்தான் அவளிடம் கொடுப்பார்கள். கூடத்தில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். பந்துமுனைப் பேனாவில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அடுத்த விடுமுறையில் போனபோது, உறை பிரித்தபடி அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. “எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுடா” என்றாள். கண்புரை அறுவைக்குப் பிறகும் ஒரு கண் தெளியவில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. படித்துக் காட்டவும் அந்த வீட்டில் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.

தடித்த எழுத்தாக எழுதினால் போதும் என்று முதலில் எண்ணினேன். மார்க்கரில் எழுதியபோதுதான் சிக்கல் விளங்கியது. கோடு எங்கும் ஒரே தடிமனாக இருந்தால் தமிழின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் கருப்புப் பொட்டுகளாகிவிடுகின்றன. தண்டு தடித்தும் சுழி மெலிந்தும் இருக்க வேண்டும். அதாவது, ஒரே எழுத்துக்குள் கோடு தன் தடிமனை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் சிறப்பு நிப்களின் பக்கம் போனேன்.

பட்டை நிப்பில் நெடுங்கோடு தடிமனாகவும் கிடைக்கோடு மெல்லியதாகவும் விழும். ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகியவை அதில் அழகாக நிற்கின்றன. பைலட் பேரலல் என்ற பேனா 1.5 முதல் 6 மில்லிமீட்டர் வரை பட்டை முனைகளில் வருகிறது. 6 மில்லிமீட்டர் கடிதத்துக்கு அல்ல, சுவரொட்டிக்கு. அழுத்தினால் விரியும் நெகிழ் நிப்பையும் வாங்கிப் பார்த்தேன். அது கை கீழிறங்கும்போது அழுத்துவதற்கென்றே ஆனது. நம் சுழிகளோ மேலேறித் திரும்புகின்றன. அந்த இடத்தில் சற்று அழுத்தம் மிஞ்சினாலும் முனை தாளைக் குத்தி மை தெறிக்கிறது. ஃபுடே நிப்புக்கு அழுத்தம் தேவையில்லை. பேனாவைச் சாய்த்தால் வளைந்த பகுதி முழுதும் தாளில் படிந்து தடித்த கோடு. நிமிர்த்தினால் மெல்லிய கோடு. தண்டுக்குச் சாய்ப்பு, சுழிக்கு நிமிர்ப்பு. பழகுவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த நாள்களில் என் களக்குறிப்புகளை நெறியாளர் படிக்க முயன்று கைவிட்டார்.

பணம் செலவழிக்க விரும்பாத மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூட மைப்பேனாவின் எஃகு நிப்பைச் சிறு குறட்டால் நுனியில் பிடித்து மெல்ல மேல்நோக்கி வளைத்து, மிக நயமான உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். நான் இரண்டைப் பிளந்த பிறகே மூன்றாவது உருப்பட்டது. மற்றொன்று: உடல் முழுதும் மை ஊற்றி நிரப்பும் பேனாவானால், மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். உள்ளே மிஞ்சும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். சித்திரை மாதத்துப் புத்தூர் ரயிலில் என் வெள்ளைச் சட்டை இதைக் கற்றது. அதே ரயில் கடந்து செல்லும் திருவள்ளூரில்தான், எபோனைட் தண்டைக் கடைந்து கைவேலையாகப் பேனா செய்யும் ரங்கா பேனாக்காரர்கள் இருக்கிறார்கள். உலகெங்கும் வாங்குகிறார்கள், உதவித்தொகை ஒழுங்காக வந்தால் நானும் வாங்குவேன்.

புதிய பேனாவில் எழுதிய முதல் கடிதம் பக்கத்துக்கு ஒன்பது வரி. நான்கு பக்கச் செய்தி பதினோரு தாளாயிற்று. மறுவாரம் அவளே தொலைபேசியில் பேசினாள். ஒலிபெருக்கி வழக்கம்போல் போடப்பட்டிருந்தது. கடிதத்தில் இருந்த எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. “லை தப்பா போட்டிருக்கே” என்று மட்டும் சொன்னாள். அவள் கற்றது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை தூக்கிய ‘லை’. இரண்டாம் கடிதத்திலிருந்து அதையே போடுகிறேன். வளைந்த நிப்புக்கு அந்தத் தும்பிக்கை மிக நன்றாக வருகிறது.

பொங்கலுக்குப் போனபோது பேனாவை வாங்கிப் பார்த்தாள். எழுத மறுத்துவிட்டாள், கை நடுங்குகிறதாம். என் களக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைக்கச் சொல்லி, கை எடுக்காமல் ஒரு சிக்குக் கோலம் இழுத்தாள். சாய்ப்பையும் நிமிர்ப்பையும் நான் சொல்லித்தரவில்லை. திருப்பங்களில் எல்லாம் கோடு மெலிந்திருக்கிறது.