வேணுகோபாலன் காட்டுக்கு ஒரு கோடைப் பயணம்

பந்திப்பூர் என்றதும் நமக்குப் புலியே நினைவுக்கு வருகிறது. ஆனால் மைசூர் மன்னராட்சிக் காலத்தில் அந்த வனப்பகுதியைச் சரணாலயமாக்கியபோது அதற்குச் சூட்டிய பெயர் 'வேணுகோபால வனவிலங்குப் பூங்கா' என்பது. காட்டின் உச்சியில், 1454 மீட்டர் உயரக் குன்றின்மேல் குழலூதி நிற்கும் கோபாலசுவாமியின் பெயர் அது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்வான ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்று. அதன்பின் பழைய பெயர் வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. சுவாமி மட்டும் அங்கேயே இருக்கிறார்.

ஓசூர்வாசிகளான நமக்கு அந்தக் காடு அவ்வளவு அந்நியமானதன்று. ராகி அறுவடைக் காலத்தில் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் முகாமிட்டிருக்கிறது என்ற செய்தி ஆண்டுதோறும் நம் காதில் விழுகிறது. பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக அவை வருகின்றன. அந்தக் காடு அப்படியே காவிரிக் கரைக்கு இறங்கி, மாதேசுவரன் மலை, பிளிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று நீண்டு, பந்திப்பூரையும் முதுமலையையும் ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது. நாம் சுங்கச்சாவடிகளில் நின்று நின்று போகும் ஊருக்கு யானைக்குத் தனிப்பாதை உண்டு.

இந்தக் கோடைத் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் அங்கே செல்ல ஏற்பாடு செய்துவருகிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து, புது வகுப்புத் தொடங்குமுன் கிடைக்கும் நான்கு நாள்களில் பயணம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் என்பதால், திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்த்தால் எளிய வேலை; இறங்கிய பிறகுதான் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு விருப்பங்கள் அதில் இருப்பது தெரிந்தது.

முதலாவது என் மனைவியின் வேண்டுதல். மகளுக்கு நெடுநாள் குழந்தையில்லாதிருந்தபோது, ஹிமவத் கோபாலசுவாமியை வேண்டிக்கொண்டால் மழலைச் செல்வம் கிட்டும் என்று கர்நாடகத்து அன்பர் ஒருவர் சொன்னார். "பிள்ளை பிறந்தால் அவனை அழைத்துவந்து உன் மலையில் ஓர் இரவு தங்கி, விடியலில் உன்னைச் சேவிக்கிறேன்" என்று வீட்டுப் பூஜையறையிலிருந்தே நேர்ந்துகொண்டாள். பேரனுக்கு இப்போது பத்து வயது. வேண்டுதல் மட்டும் நிலுவையில் நிற்கிறது.

இரண்டாவது அந்தப் பேரனின் விருப்பம். "தாத்தா, கூடாரம் போட்டுப் படுத்தால்தான் அது காடு. விடுதியில் படுத்தால் அது வீடுதானே?" என்கிறான். அவன் தந்தை சில ஆண்டுகள் அமெரிக்காவில் பணிபுரிந்தவர். அங்கே யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் கூடாரமிடுவதற்கென்றே எண்ணிட்ட இடங்கள் உண்டு. உணவைக் கரடி எடுத்துவிடாமல் பூட்டிவைக்க இரும்புப் பெட்டியும் உண்டு. மாப்பிள்ளை அந்தப் படங்களைக் காட்டக் காட்டப் பையனின் ஆசை வளர்ந்துவிட்டது.

நம் நாட்டுப் புலிகள் காப்பகத்தில் அவ்வாறு நாமாகக் கூடாரம் அடிக்க இயலாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதும் குற்றம். பந்திப்பூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில்கூட 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பொதுப் போக்குவரத்து கிடையாது. இருட்டியபின் அந்தக் காடு விலங்குகளுக்கு.

இதைச் சொன்னவுடன் மாப்பிள்ளை, "மாமா, காட்டுக்கு வெளியே தனியார் நிலத்தில் கூடாரம் வாடகைக்குத் தருகிறார்கள், இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரலாம்" என்று கைப்பேசியை நீட்டினார். எனக்கு உடன்பாடில்லை. காரணத்தையும் சொன்னேன். 2021 ஜனவரியில், பந்திப்பூரை அடுத்த வயநாட்டில், மேப்பாடி அருகே அப்படியொரு தனியார் கூடார விடுதிக்குச் சென்ற இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அதே மாதம், மறுபக்கத்து மசினகுடியில், தனியார் தங்குமிடம் ஒன்றன் அருகே வந்த யானையின்மீது எரியும் பொருளை வீசினார்கள். தீக்காயங்களோடு அலைந்த அந்த யானையும் மாண்டது. யானையின் வழியில் நாம் படுக்கையை விரித்தால் இழப்பு யாராவது ஒருவருக்கு எழுதப்பட்டுவிடுகிறது. விநாயகரை வணங்கிவிட்டுப் புறப்படும் குடும்பம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

நெருப்பு மூட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் அந்தக் காடு இலையுதிர்த்து நிற்கும். அதனால்தான் விலங்குகள் கண்ணுக்கு எளிதில் தென்படுகின்றன; நீர் வற்றாத குட்டைகளைத் தேடி அவை கூடுவதும் அப்போதுதான். புரசு மரங்கள் இலையே இல்லாமல் செம்பூவாக நிற்கும் காட்சிக்காகவே அந்தப் பருவத்தில் போகலாம். ஆனால் உண்ணிச்செடிப் புதர் காய்ந்து விறகாகக் கிடப்பதும் அதே பருவத்தில்தான். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பற்றிய தீ, கோபாலசுவாமி மலைச் சரிவுகள் உட்படப் பல ஆயிரம் ஏக்கரைக் கருக்கியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வாளிகளில் நீர் சுமந்துவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மார்ச் 11 அன்று, நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். ஆகவே நெருப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையும் ஏற்றுக்கொண்டார்.

வேண்டுதலுக்கு வருகிறேன். கோபாலசுவாமி மலைமேல் பக்தர்கள் இரவில் தங்க அனுமதி இல்லை. நம் காரும் மேலே போக முடியாது. அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கர்நாடக அரசுப் பேருந்தில் ஏறிச் சென்று, மாலைக்குள் அதே பேருந்தில் இறங்கிவிட வேண்டும். இதைக் கேட்டதும் என் மனைவி முகம் வாடிவிட்டாள். "சுவாமியிடம் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?" என்பது அவள் கேள்வி. விதியைக் காட்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

எங்கள் பகுதிப் பெருமாள் கோயில் பட்டரிடம் போனோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இரவில் அந்த மலை அவருக்கும் யானைகளுக்கும் உரியது, அம்மா. நடை சாத்தியபின் கருவறையில் நாம் உட்கார்ந்திருப்போமா? அதைப்போலத்தான். மலையடிவாரத்தில் தங்கிப் பிரார்த்தனை செய்யுங்கள். காலையில் முதல் பேருந்தில் மேலே போங்கள். நீங்கள் நேர்ந்துகொண்டது அவரோடு ஓர் இரவு இருப்பதற்குத்தானே?" என்றார். அந்தக் காட்டுக்கே ஒரு காலத்தில் வேணுகோபாலன் பெயர்தான் இருந்தது என்பதை அப்போதுதான் நான் சொன்னேன். "பிறகென்ன?" என்று சிரித்தார். என் மனைவி அன்றே ஒரு துணிப்பையைத் தைக்க எடுத்துவிட்டாள்.

பயண வழி இதுதான். ஓசூரிலிருந்து பந்திப்பூர் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையில் திரும்பிவிட்டால் பெங்களூரு நெரிசலைத் தவிர்த்து மைசூர்ச் சாலையை அடையலாம். ஆனேக்கல், கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியும் உண்டு. திரும்பி வருகையில் அதைத் தேர்ந்திருக்கிறோம். போகும்போது மைசூருக்கு அப்பால் கபிலை நதிக்கரையில் நஞ்சன்கூடு. ஆலகாலம் உண்ட ஸ்ரீகண்டேசுவரர் சந்நிதி. தம் பட்டத்து யானையின் கண்நோய் இங்கே வேண்டித் தீர்ந்ததால் திப்பு சுல்தான் இந்த ஈசனை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று போற்றி மரகத லிங்கம் அளித்தார் என்பர். நஞ்சன்கூட்டின் ரசபாலே வாழைப்பழம் பெயர் பெற்றது. வாங்கினால் அங்கேயே உண்டுவிடுங்கள். பழவாசனையோடு வண்டி காட்டுக்குள் போவது குரங்கையும் யானையையும் வழிமறிக்கச் சொல்லி அழைப்பதற்கு ஒப்பாகும்.

முதல் இரவு பந்திப்பூர்க் காட்டின் விளிம்பில், அரசு சார்ந்த விடுதியில். மறுநாள் காலை குண்டுலுபேட்டைச் சாலையில் ஹங்களா வரை வந்து பிரிந்தால் மலையடிவாரம். ஹிமவத் என்ற அடைமொழிக்கேற்ப, கோடையிலும் காலையில் மேலே பனிமூட்டம் இருக்கும் என்கிறார்கள். முதியவர்களுக்குக் கம்பளிச் சால்வை அவசியம். கோயில் ஹொய்சள வல்லாளர் காலத்தது என்பது மரபு. ஒரே நிலைக் கோபுரம். முகமண்டபத்தில் தசாவதாரச் சிற்பங்கள். கருவறையில் மரத்தடியில் குழலூதும் கண்ணன், இருபுறமும் ருக்மிணியும் சத்தியபாமாவும். பெருமானின் திருமுடிக்கு மேலிருந்து நீர்த்துளி கசிந்துகொண்டிருப்பதைப் பட்டர்கள் தீர்த்தமாகத் தெளிப்பர். தவம் செய்து திருமாலை இம்மலையில் எழுந்தருளச் செய்தவர் அகத்தியர் என்கிறது தலவரலாறு. பொதிகை முனிவர் நமக்கு முன்பே அங்கே போய்விட்டார்! காகம் நீராடி அன்னமாயிற்று என்று சொல்லப்படும் ஹம்ச தீர்த்தமும் அங்குள்ளது.

நாங்கள் கொண்டுபோவது துளசி மாலை, பாக்குமட்டைத் தட்டில் வெண்ணெய், அவ்வளவே. கற்பூரமும் தீப்பெட்டியும் வீட்டிலேயே இருக்கும். பிளாஸ்டிக் உறை எதுவும் கூடாது என்பதால்தான் அந்தத் துணிப்பை. கோயில் வாசலில் யானை வந்து நிற்பதும் உண்டு. அப்போது கைப்பேசியை எடுக்காமல் கைகூப்பினால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கேட்பார்களா என்பது வேறு. தரிசனம் முடிந்து, மாலையில் வனத்துறை வண்டியில் உலா. வனத்துறை இதை அவ்வப்போது நிறுத்திவைப்பதுண்டு. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பேரனின் கூடாரத்துக்கும் வழி கிடைத்தது. சாம்ராஜ்நகரிலிருந்து பிளிகிரிரங்கன் மலைக்குள் ஏறும் பாதையில் கே. குடி என்ற இடம் இருக்கிறது, விரித்தால் கியாத்ததேவரகுடி. அங்கே கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நிலையான கூடார அறைகளை வைத்திருக்கிறது. துணிச்சுவர், உள்ளே கட்டில், குளியலறை. இரவில் காவலர் உண்டு, தனியே வெளியே நடக்க அனுமதி இல்லை. செலவு ஊர்விடுதியைவிடக் கூடுதல்தான். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டபோது எனக்கே தயக்கம். ஆனால் உலாவும் உணவும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. காட்டு விளிம்பில் மலிவாகக் கிடைக்கும் கூடாரத்தோடு இதை ஒப்பிடக் கூடாது.

அங்கிருந்து அடுத்த நாள் பிளிகிரிரங்கநாதர் தரிசனம். வெண்பாறை விளிம்பில் நிற்கும் கோயில். அந்த மலையின் பழங்குடிகளான சோலிகர்கள் இந்தப் பெருமாளை 'ரங்க பாவா' என்றழைக்கிறார்கள்; தங்கள் குலப்பெண் குசுமாலையை மணந்ததால் அவர் அவர்களுக்கு மைத்துனர். காட்டில் நடமாடும் அவருக்காகப் பெரிய தோல் செருப்புகளைக் காணிக்கையாக்கும் வழக்கமும் இக்கோயிலில் உண்டு. 2011-இல் இந்த வனம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில் சோலிகர்களின் சமூக வன உரிமையும் சட்டப்படி ஏற்கப்பட்டது. காட்டுக்குள்ளே 'தொட்ட சம்பிகே' என்ற மிகப் பழைய செண்பக மரம் ஒன்று அவர்களுக்குத் தெய்வம். அனுமதி கிடைத்தால் அதையும் வலம்வர எண்ணம்.

இப்போது எஞ்சியிருப்பது ஒரு சிக்கல்தான். எண்பது வயதான என் அண்ணியும் வருவேன் என்கிறார். பேருந்திலிருந்து இறங்கிக் கோயிலுக்கு ஏறும் படிகளை அவர் முழங்கால் தாங்குமா என்று தயங்கினேன். "நீ கணக்கெல்லாம் போட்டு முடி. படி ஏறுவதை நானும் கோபாலனும் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் சேர்த்தே முன்பதிவு செய்திருக்கிறேன்.