தொடர்பு எல்லைக்கு அப்பால்

பூமி உருண்டை என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் பலர். நம் கடற்கரை மக்களோ அதைக் கண்ணாரக் கண்டு அறிந்தவர்கள். தூத்துக்குடியிலோ மணப்பாட்டிலோ கரையில் நின்று, கடலேறும் கலத்தை நெடுநேரம் பார்த்திருப்போர்க்கு, முதலில் அதன் உடல் மறைவதும், பின்னர் பாய் சிறிது சிறிதாகத் தாழ்வதும், இறுதியில் பாய்மர நுனியும் நீருக்குள் இறங்கிவிட்டது போலத் தோன்றுவதும் பழகிய காட்சி. கலம் மூழ்கவில்லை, நம் பார்வைதான் பூமியின் வளைவில் முடிந்துபோகிறது. பார்வைக்கு நேர்வதே வானொலி அலைக்கும் நேர்கிறது. விசைப்படகுகளில் உள்ள வி.எச்.எப். கருவியின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. எனவே கரைக்கும் படகுக்கும் இடையே சில பத்துக் கிலோமீட்டர் வரைதான் பேச்சு நடக்கும். அதற்கு அப்பால் கடலின் முதுகு குறுக்கே நிற்கிறது.

இந்த வளைவைத் தாண்டிப் பேச மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று வியப்புக்குரியது. அது, தன் குரலை நிலவின் மீது எறிந்து, அங்கிருந்து திரும்பி வருவதைப் பிடிப்பது. 1946 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையை ஒட்டிய எவன்ஸ் முகாமில், ஜான் டிவிட் என்ற படை அதிகாரியின் குழுவினர் போர்க்கால ராடார் கருவி ஒன்றைத் திருத்தியமைத்து, எழும் நிலவை நோக்கி அலைகளை அனுப்பினர். அவர்களுடைய வானலைவாங்கியை மேல்நோக்கிச் சாய்க்க இயலாது. ஆகவே நிலவு தொடுவானத்தருகே நிற்கும் சிறு பொழுதுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் அலைத்துடிப்பும் ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் சென்று, அதே தொலைவு திரும்பி, இரண்டரை நொடியில் வந்து சேர்ந்தது. ரோமானியரின் நிலாத் தெய்வத்தின் பெயரால் அம்முயற்சிக்கு 'டயானா' என்று பெயரிட்டிருந்தனர். முதல் எதிரொலி வந்தபோது டிவிட் அங்கே இல்லை, ஊருக்குள் சென்றிருந்தார். கருவியருகே காத்திருந்த உடனுழைப்பாளர்களே அதனைக் கேட்டனர்.

அடுத்த மாதமே, பிப்ரவரி 6 அன்று, ஹங்கேரி நாட்டின் சோல்தான் பாய் என்ற அறிவியலாளரும் நிலவின் எதிரொலியைப் பெற்றார். போரின் முடிவில் அவருடைய ஆய்வுக்கூடக் கருவிகள் பறிபோயிருந்தன. எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அவரிடமிருந்த எளிய கருவிகளால் ஒற்றை எதிரொலியை இரைச்சலினின்று பிரித்தறிய முடியவில்லை. எனவே அவர் அலைகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, திரும்பியவற்றை மின்பகுப்புக் கலங்களில் துளித்துளியாகச் சேர்த்தார். இரைச்சல் ஒழுங்கின்றி வருவது; எதிரொலியோ குறித்த கணத்தில் வருவது. ஆகையால் கூட்டக் கூட்ட எதிரொலி தனித்துத் தெரிந்தது. வலிமை குறைந்தவனுக்குப் பொறுமையே கருவியாயிற்று.

பின்னர் அமெரிக்கக் கடற்படை இதனைச் செய்திப் போக்குவரத்துக்கே பயன்படுத்தியது. ஜேம்ஸ் டிரெக்ஸ்லர் என்ற பொறியாளரின் முயற்சியால் 1954இல் மனிதக் குரல் நிலவைத் தொட்டுத் திரும்பியது. 1960இல் மேரிலாந்துக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடையே நிலவின் வழியே செய்திகளும் படங்களும் சென்றன. 1961 டிசம்பரில் 'ஆக்ஸ்போர்டு' என்ற கப்பல், கரையினின்று நிலவு வழியே வந்த செய்தியைக் கடலில் இருந்தபடியே பெற்றது. கரை மறைந்தபின்னும் கரையின் சொல் கடலோடியை எட்டிய நாள் அது.

அதே 1961ஆம் ஆண்டில்தான் நமது மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அத்தொழிலிலும் கண்ணுக்குத் தெரியாதவரோடு தொடர்புகொள்ளும் கலை ஒன்று இருந்தது. குளிப்பவர் கல்லின் கனத்தால் ஆழத்தில் இறங்குவார். அவரைத் தூக்கும் கயிறு படகில் ஒருவர் கையில் இருக்கும். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே மேலே தூக்க வேண்டும். மூச்சின் அளவு ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் கயிறு பிடித்தவர்க்கு வேறு வேலை இல்லை; கையால் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் வேலை. தங்கை விதவையாகிவிடக் கூடாது என்ற அக்கறை மைத்துனருக்கு உண்டாதலால் கயிற்றை அவர் கையில் கொடுப்பதே முறை என்று நம் முதியோர் சொல்வதுண்டு. கருவியின் நுட்பத்தைக் காட்டிலும், மறுமுனையில் இருப்பவரின் உறவே உயிரைக் காக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இங்கே நிலவைப் பற்றி நம் திருச்சபைத் தந்தையர் கொண்டிருந்த சிந்தனை நினைவுக்கு வருகிறது. புனித அம்புரோசியார் முதலான தந்தையர் திருச்சபையை நிலவுக்கு ஒப்பிட்டனர். இலத்தீனில் இதனை 'மிஸ்தேரியும் லூனே', அதாவது நிலவின் மறைபொருள் என்பர். கிறிஸ்துவே கதிரவன், திருச்சபைக்குச் சொந்த ஒளி இல்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கமும், மக்களினங்களின் ஒளி கிறிஸ்துவே என்று சொல்லித்தான் தொடங்குகிறது.

குருமடத்தில் இதனைப் பயின்றபோது எனக்கு இது அழகிய உவமையாக மட்டுமே தோன்றியது. வானொலி அறிவியல் அதற்குப் புதுப்பொருள் சேர்க்கிறது. நிலவு சிறந்த கண்ணாடி அன்று. தன்மேல் விழும் வானொலி அலையில் நூற்றில் ஏழு பங்கு அளவையே அது திருப்புகிறது. அதன் முகம் மேடும் பள்ளமும் நிறைந்தது. ஆகவே திரும்பும் குரல் குழம்பியும் மங்கியும் வருகிறது. போதாக்குறைக்கு, அதன் தரையின் வெப்பமே மெல்லிய இரைச்சலை எழுப்புகிறது. ஆயினும் வளைவின் இருபுறமும் இருப்பவர்கள் இருவரும் அதனை ஒரே நேரத்தில் காண முடிகிறது. குறைகள் அத்தனையும் இருந்தும் அதனைப் பயனுள்ளதாக்கியது அந்த உயரமே. திருச்சபையும் ஒருவரையொருவர் காணமுடியாத இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் குரலை மற்றவர்க்குத் திருப்பித் தர வேண்டிய நிலவு அன்றோ?

இக்கேள்வி 2017 நவம்பர் இறுதியில் நம் முன் வந்தது. ஒக்கிப் புயல் குமரி முனையருகே திடீரென வலுப்பெற்றபோது, ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்போர் பல நாள்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தனர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை; அவர்களது கருவிகளின் எல்லை அவ்வளவே. நிலவோடு பேசி எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன. சந்திரயான்-1 நிலவை வலம்வந்தும் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தென்கரை ஊர்களில் பெண்கள் கைபேசியில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். அழைக்கப்படுபவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று பதிவுசெய்த குரல் ஒன்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பல வீடுகளில் அடக்கம் செய்ய உடலும் இல்லை. உடலில்லாத இறந்தோர் திருப்பலியில் மறையுரை ஆற்றுவது எத்துணைக் கடினம் என்பதை இக்கரையின் குருக்கள் அறிவர்.

அந்நாள்களில் காணாமற்போனோரின் பெயர்களை வீடு வீடாகச் சென்று தொகுத்தவை பங்குகளே. எந்தப் படகு, எத்தனை பேர், எந்நாளில் சென்றனர் என்ற விவரங்களைத் திரட்டி, தேட வேண்டியவர்களிடம் சேர்த்தார்கள். கரையின் அழுகுரலை அதிகாரத்தின் செவிக்குத் திருப்பிய நிலவாக அப்போது திருச்சபை இருந்தது. ஆனால் எல்லா நாளும் அப்படி இருக்கிறோமா? விழா வரவு செலவு, பதவிப் போட்டி, ஊர்ப் பூசல் இவற்றின் வெப்பத்தில் நாமே எழுப்பும் இரைச்சல், நம் வழியே செல்ல வேண்டிய மெலிந்த குரலை மூழ்கடித்துவிடுகிறது. நிலவின் இரைச்சலை நிலவால் குறைக்க இயலாது. நம்முடையதை நம்மால் இயலும்.

இன்று வழிகள் பெருகியுள்ளன. நிலவு செய்த வேலையைச் செயற்கைக்கோள்கள் மேற்கொண்டுவிட்டன. படகுகளில் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகளைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3 நிலவில் வைத்த சிறு எதிரொளிப்பான், நிலவைச் சுற்றும் நாசாவின் கலம் அவ்வாண்டு டிசம்பரில் அனுப்பிய லேசர் ஒளியை அதனிடமே திருப்பி அனுப்பியது. இவற்றுக்காக இறைவனைப் போற்றுவோம். ஆயினும் படகில் உள்ளவர் அபாயச் செய்தி அனுப்பினால் அதனைக் கவனிக்கக் கரையில் விழித்திருக்கும் மனிதர் தேவை. கருவி கெட்டுப்போன படகைப் பற்றிக் கவலைப்படுவோரும் தேவை.

நம் கடற்கரைப் பங்குகள் ஒவ்வொன்றிலும், ஆழ்கடலுக்குச் சென்றோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஆலயத்தில் இருக்கட்டும். புயலுக்குப் பின் அழுகையோடு தொகுக்கும் பட்டியலாக அன்றி, படகு புறப்படும் நாளிலேயே எழுதும் பட்டியலாக அது அமையட்டும். ஞாயிறு மன்றாட்டில் அப்பெயர்களைச் சொல்வோம். வானிலைச் செய்தி வந்த உடனே ஆலய ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கும், திரும்ப வேண்டிய நாளில் திரும்பாத படகைப் பற்றி முதலில் கேள்வி எழுப்புவதற்கும் இளைஞர் இருவரைப் பொறுப்பாக நியமிப்போம். கயிறு அவர்கள் கையில் இருக்கட்டும்.