வாத்து சுட ஒரு டி.வி. தேடி... ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு!

செல்போன் டிஸ்ப்ளே மாத்த, லேப்டாப் சார்ஜர் வாங்க, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு சென்சார் பொறுக்கன்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்க ஆயிரம் தடவை போயிருப்பீங்க. துப்பாக்கியோட போயிருக்கீங்களா? நாங்க போனோம் பாஸ்!

பதறாதீங்க, பிளாஸ்டிக் துப்பாக்கிதான். தொண்ணூறுகள்ல டி.வி. கேம் பெட்டியோட சேர்ந்து வந்த, வாத்து சுடுற அயிட்டம். கிளாஸ்மேட் வீட்டுப் பரண்லேர்ந்து இறங்கிச்சு. கூடவே ஒரு பெட்டி, ரெண்டு கன்ட்ரோலர், மஞ்சள் கலர் கேசட் ஒண்ணு. பெட்டியில உயிர் இல்லை. ரிப்பேர் பண்ணி, ஒரே ஒரு வாத்தையாவது சுட்டுடணும். மிஷன் அவ்வளவுதான்.

வழி தெரியாதவங்களுக்கு: சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வந்துடலாம். அண்ணா சாலைப் பக்கமிருந்தும் நுழையலாம். வால்வு ரேடியோ காலத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளோட வளர ஆரம்பிச்ச ஏரியா இது. இப்போ 'ரிச்சி ஸ்ட்ரீட்'னு சொன்னா அந்த ஒரு தெரு மட்டும் இல்லை; நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு சுத்தியிருக்குற சந்தெல்லாம் அதே கணக்குதான். குனிஞ்சு நடந்தா கால்ல வயர் மாட்டும், நிமிர்ந்து நடந்தா தலையில போர்டு இடிக்கும். நடுவுல அட்டைப்பெட்டி சுமந்துக்கிட்டு 'ஓரம்... ஓரம்...'னு ஒரு ட்ரை சைக்கிள் வரும். ஒதுங்க இடம் இருந்தா உங்க அதிர்ஷ்டம்!

"அண்ணே, டி.வி. கேம் ரிப்பேர் பண்ணுவீங்களா?"

முதல் கடைக்காரர் சிரிச்சார். ரெண்டாவது கடைக்காரர், "இன்னுமா வெச்சிருக்கீங்க?"ன்னு கையில வாங்கிப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூணாவது அண்ணன்தான் கையை மேல நீட்டினார். "அந்த மாடிப்படி ஏறு தம்பி. கடைசி டேபிள்ல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவரு பார்ப்பாரு."

பார்த்தார். நாலு ஸ்க்ரூ கழட்டினதும் உள்ளே கிட்டத்தட்ட காலி! ஒரு சின்ன போர்டு, நடுவுல கறுப்புப் பொட்டு வெச்ச மாதிரி ஒரு தார் உருண்டை. "இதான் தம்பி மொத்த மூளையும்"னார்.

அந்தப் பொட்டோட ஜாதகம் தெரியுமா? ஜப்பான்ல 1983 ஜூலை 15-ல் நின்டென்டோ கம்பெனி 'ஃபேமிகாம்'னு ஒரு பெட்டியை இறக்குச்சு. நம்ம ஊர் வீடுகளுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் அதோட டூப்ளிகேட்தான். ஒரிஜினல்ல தனித்தனியா இருந்த சிப்களை ஒரே சில்லுல அடக்கி, மேல எபாக்ஸி ஊத்தி மூடிட்டாங்க. ஒரிஜினல் புராசஸர் வேகம் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ், மெயின் மெமரி 2 கே.பி. உங்க போன்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா, 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்த கேமும் 40 கே.பி.தான்! தினமும் காலையில குடும்ப குரூப்ல வந்து விழுற ரோஜாப்பூ குட்மார்னிங் படமே அதைவிட வெயிட்டு. இடம் பத்தாததால, வானத்துல மிதக்குற மேகத்தையே பச்சை கலர் அடிச்சு தரையில புதரா நட்டுட்டாங்க. அடுத்த தடவை ஆடும்போது உத்துப் பாருங்க... ரெண்டும் ஒரே உருவம்!

அண்ணன் மீட்டரை வெச்சார். 7805 ரெகுலேட்டர்ல 5 வோல்ட் வரணும், வரலை. அடாப்டர் சொருகுற ஜாக்ல சால்டரிங் விட்டிருந்தது. உப்பிப்போன கெப்பாசிட்டர் ஒண்ணையும் மாத்தினார். அதோட விலை ஒரு டீ காசுக்குள்ள. கேசட்டை நம்ம ஆளு பழக்கதோஷத்துல வாய்கிட்ட கொண்டுபோக, "ஊதாத, எச்சில் பட்டா காண்டாக்ட் கறுக்கும்"னு பிடுங்கி, ஸ்கூல் பசங்க ரப்பரால தேய்ச்சார். ஊதினதால கேம் வந்ததுன்னு நம்பின தலைமுறைக்கு ஒரு சேதி: கழட்டி மறுபடி சரியா மாட்டினதாலதான் வந்துச்சாம்!

மேஜை மேல இருந்த எல்.சி.டி. டி.வி.யில கனெக்ஷன் கொடுத்தார். வந்துச்சு! '9999 இன் 1'னு மெனு. அதுல நிஜமான கேம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அதே கேம் வேற லெவல்ல ஆரம்பிக்கும். அப்பவே நம்மளை நல்லா ஏமாத்தியிருக்காங்க. 'கான்ட்ரா' போட்டதும் பக்கத்து டேபிள் அண்ணன் எட்டிப்பார்த்து, "மேல மேல, கீழ கீழ, லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட், பி, ஏ"ன்னு மந்திரம் மாதிரி ஒப்பிச்சார். 30 உயிர்! அந்த மந்திரத்தைப் பிறப்பிச்சவர் ஒரு புரோகிராமர். 1986-ல் 'கிரேடியஸ்' கேமை ஃபேமிகாமுக்கு மாத்தின கஸுஹிஸா ஹஷிமோட்டோ. டெஸ்ட் பண்ண ஆடிப்பார்த்தா அவராலேயே ஜெயிக்க முடியலை. தனக்காக வெச்ச குறுக்குவழி, உலகத்துக்கே பாடமாயிடுச்சு. மனுஷன் 2020-ல் காலமானார். லேப் ரெக்கார்டு எழுதுற நம்மள்ல எவ்வளவு பேர் இப்படி மனப்பாடமா நிப்போம்?

அடுத்து வாத்து. சுட்டோம். சுட்டோம். டி.வி.யோட மூக்குல துப்பாக்கியை வெச்சும் சுட்டோம். ஒரு இறகுகூட உதிரலை. நாய் எழுந்து சிரிச்சதுதான் மிச்சம்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. டி.வி.தான் சரியில்லை"ன்னார் அண்ணன். புத்தம்புது டி.வி.யைப் பார்த்து!

விஷயம் இதுதான். இந்தத் துப்பாக்கியிலேர்ந்து எதுவும் வெளியே வராது. வெளிச்சம் உள்ளே போகும். நீங்க விசையை அழுத்தினதும் ஸ்கிரீன் ஒரு நொடித்துணுக்கு கறுப்பாகும். அடுத்த துணுக்குல வாத்து இருந்த இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள்ள இருக்குற சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தா வாத்து அவுட். முதல்ல கறுப்பு எதுக்கு? டியூப்லைட்டைக் குறிவெச்சு ஏமாத்தக் கூடாதில்லையா, அதுக்கு! 1984-லேயே யோசிச்சிருக்காங்க. பழைய பிக்சர் டியூப் டி.வி. சிக்னல் வந்த கணமே கோடு கோடா வரைஞ்சுடும். எல்.சி.டி. படத்தை வாங்கி, யோசிச்சு, அப்புறம்தான் காட்டும். அந்தத் தாமதத்துல கேம் 'மிஸ்'னு தீர்ப்பு எழுதிடும்.

அண்ணன் மேஜைக்கு அடியில குனிஞ்சு துணியை விலக்கினார். 14 இன்ச் பொட்டி டி.வி. 2006-லேர்ந்து 2011 வரைக்கும் தமிழ்நாட்டுல ஒன்றரைக் கோடிக்கும் மேல வீடுகளுக்குப் போச்சே, அந்த இலவச கலர் டி.வி. ஆன் பண்ணினதும் முடியைச் சிலிர்க்க வைக்கிற அந்த 'கிர்ர்'. படம் மெதுவா பூத்தது. சுட்டான் நண்பன். விழுந்துச்சு பாருங்க வாத்து! மாடியே கைதட்டுச்சு.

"எவ்வளவுக்குத் தருவீங்கண்ணே?"

"இது விக்கிறதுக்கில்ல. டெஸ்டிங்குக்கு வெச்சிருக்கேன். இதுல இ.எச்.டி. போச்சுன்னா ஸ்பேரைத் தேடி அலையணும். சரி பண்ணத் தெரிஞ்சவனும் இப்ப கொஞ்சம் பேருதான். எனக்கப்புறம் இந்த டேபிள்ல செல்போன்தான் உக்காரும்."

அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வெளியான பழைய கேம்கள்ல 87 சதவிகிதம் இப்போ கடையில வாங்கவே கிடைக்காதுன்னு, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் சொல்லுச்சு. கேமையாவது காப்பி எடுத்து ஒரு பென்டிரைவ்ல காப்பாத்திடலாம். அந்தக் கண்ணாடிக் குழாயை எதுல காப்பி எடுப்பீங்க? அதைத் தட்டி எழுப்புற கைப்பக்குவத்தை எந்த பென்டிரைவ்ல ஏத்துவீங்க? அந்த மாடிப்படி இறங்குறப்போ மண்டையில ஓடினது இதுதான்.

அதனால உங்களுக்கு ரெண்டே ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, பொட்டி டி.வி.யை நீங்களா திறக்காதீங்க. ஆஃப் பண்ணினப்புறமும் பிக்சர் டியூப்ல ஆயிரக்கணக்கான வோல்ட் சார்ஜ் தங்கியிருக்கும். கை வைக்கிறது தெரிஞ்சவங்க வேலை. ரெண்டு, பரண்ல ஒரு டி.வி. தூங்கிட்டிருந்தா, பேரீச்சம்பழத்துக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிளக்ல சொருகிப் பாருங்க. படம் தெரிஞ்சா, ஊர்ல எங்கேயோ ஒரு துப்பாக்கி அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு!