பாங்குக்கு முன்னால்

ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றத்துக்கு எங்கள் பள்ளி மைதானம் கொள்ளாது. ஆம்பூரே திரண்டு வரும். சாயங்காலம் கொடியை இறக்கும்போது இருப்பது என்.சி.சி. பையன்கள் நாலு பேர், வாட்ச்மேன், எங்கள் மாஸ்டர். அவ்வளவுதான். எனக்கு நினைவில் தங்கியிருப்பது அந்தச் சாயங்காலங்கள்தான்.

மாஸ்டர் கம்மவான்பேட்டைக்காரர். வேலூர்ப் பக்கம் அந்த ஊரைச் சொன்னாலே போதும், பட்டாளம் என்று புரிந்துகொள்வார்கள். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற இந்திக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்துத்தான் மனப்பாடம் செய்தோம். “ஏத்தறப்போ விறுவிறுன்னு, இறக்கறப்போ நிதானமா” என்பார். கொடி விதியிலும் அப்படியேதான் இருக்கிறது என்று பின்னாளில் படித்தேன்.

1984இல் இந்திரா காந்தி இறந்தபோது எங்கள் நாலு பேரையும் வரச்சொன்னார். அரைக்கம்பம்தானே என்று நாங்கள் கொடியைப் பாதியிலேயே கட்டிவிட்டோம். பேசாமல் வந்து கயிற்றை அவிழ்த்தார். கொடி உச்சிவரை போனது. ஒரு கணம் நின்றது. பிறகு மெல்லப் பாதிக்கு வந்தது. “உச்சியத் தொட்டுட்டுத்தான்டா கீழ வரணும்.” சாயங்காலம் இறக்கும்போதும் அப்படித்தான், மறுபடி மேலே ஏற்றிவிட்டு இறக்கினோம்.

2021 டிசம்பரில் பாலியெஸ்டர் கொடிக்கு அனுமதி வந்தது. 2022 ஜூலையில், இரவிலும் பறக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு கொடி பறப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பொழுது சாயும்போது அதற்காகக் காத்து நிற்க இனி யாருக்கும் அவசியமில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அப்போதெல்லாம் பொழுது சாய்வதற்குள் இறக்கியாக வேண்டும். எங்களுக்குக் கணக்கு மக்ரிப் பாங்கு, பள்ளிவாசலின் அந்தித் தொழுகை அழைப்பு. அது கேட்பதற்குள் கொடி கைக்கு வந்துவிட வேண்டும். தோல் ஷாப் நெடி காற்றில் இறங்கும் நேரம். ஆளுக்கொரு மூலையாகப் பிடிப்போம். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும். பிறகு இரண்டு பக்கமும் உள்ளே மடித்தால் நடுவில் சக்கரம், விளிம்பில் கொஞ்சம் காவி, கொஞ்சம் பச்சை. கதர் வெயிலில் காய்ந்து மொடமொடவென்றிருக்கும். காலையில் உள்ளே வைத்து முடிந்த சாமந்தியில் ஓர் இதழாவது துணியில் ஒட்டியிருக்கும். மாஸ்டர் அதைக் கீழே போடமாட்டார். சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இரண்டு உள்ளங்கையிலும் கொடியை ஏந்தி ஹெட்மாஸ்டர் அறைக்கு நடப்பார். நாங்கள் பின்னால் போவோம். பீரோவைச் சாத்தும்போது பாங்கு ஆரம்பிக்கும்.